புது ஆளிடம் சாவி

முதல் நாள்

மேற்பார்வையாளனாக வேலையில் சேர்ந்த அன்று காலை, கொட்டகையை நடத்தும் கமிட்டியார் என் கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்தார்கள். வாசல் கதவு, வேலைக் கொட்டகை, தும்பைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கி, சாய அறை, சமையல்கட்டு என்று ஐந்து சாவிகள். அதை மடியில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மேஸ்திரி சுடலைமுத்து என் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க ஐயா."

மேஸ்திரியிடம் இருப்பதுதான் வழக்கம் போலும் என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. அன்று விடியற்காலையில் பாளையங்கோட்டை ஜெயிலிலிருந்து விடுதலையாகி, மொட்டையடித்த தலையில் மயிர்கூட முளைக்காமல் வாசலோரம் நின்ற ஓர் ஆளின் கையில் போட்டார்.

"ஏலே, போயி எல்லாக் கதவையும் தொற. பைய தொற, அவசரமில்ல."

நான் மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, "இது என்ன ஓய் கூத்து?" என்றேன்.

"இங்கன அப்படித்தான் ஐயா. ஆரு கடைசியா வாரானோ அவன் கையிலதான் சாவி. இவனுக்குப் பொறவு இன்னொருத்தன் வந்தா அவன் கைக்குப் போவும்."

"இவன் எதற்காக உள்ளே போனவன்?"

"அத இங்கன ஆரும் கேக்கதில்ல. ரிஜிஸ்தர் ஒங்க மேசையில இருக்கு. படிக்கணும்னா படிச்சுக்கிடுங்க. சத்தமாப் படிக்காதிய."

இதற்குள் அந்த ஆள் கொட்டகைக் கதவின் முன் போய் நின்றிருந்தான். சாவி கையில் இருக்கிறது. பூட்டு கண்ணெதிரே தொங்குகிறது. ஆனால் அவன் கை மேலே எழவில்லை. கதவுக்கு ஒரு முழம் தள்ளி, தலையைச் சற்றுக் குனிந்து, யாரோ வந்து திறந்துவிடப் போகிறார்கள் என்பதுபோல நின்றுகொண்டிருந்தான். வேலைக்கு வந்த மற்ற ஒன்பது பேரும் பின்னால் சத்தமில்லாமல் காத்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. திமிர் பிடித்தவன் என்று நினைத்தேன்.

மேஸ்திரி என் காதோரம் சொன்னார்: "ஏழு வருசம் ஐயா. ஏழு வருசமா அவன் ஒரு கதவையும் தொட்டதில்ல. வார்டர் தொறப்பாரு, இவன் போவான். வார்டர் அடைப்பாரு, இவன் இருப்பான். கை மறந்துபோச்சு. நானும் இப்படித்தான் நின்னேன். வெளிய வந்த அன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல, உச்சி வெயில்ல. எம் பொண்டாட்டி உள்ள சோறு வடிச்சுக்கிட்டிருக்கா. கதவு சும்மா சாத்தித்தான் கெடக்கு. ஆராவது தொறந்து வுடுவாகன்னு நிக்கேன். அவ எச்சித்தண்ணி ஊத்த வந்தவ என்னப் பாத்துட்டு, 'என்னத்துக்கு இங்கன நிக்கிய, விருந்தாளி மாதிரி'ங்கா."

அந்தப் புது ஆள் கதவைத் திறக்க அன்று அரை மணி நேரம் ஆனது. இரண்டாம் நாள் அவ்வளவு ஆகவில்லை. ஒரு மாதத்தில் சாவியைச் சுழற்றிக்கொண்டு நடந்தான். இன்று அவர் சேரன்மகாதேவியில் நெல் களத்துக்குக் காவல் இருக்கிறார்.

கொட்டகை

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கொட்டகை பிழைப்புக்கான நிரந்தர இடம் அன்று. ஜெயிலை விட்டு வெளியே வருகிறவனை ஊரில் ஒருவரும் வேலைக்கு வைப்பதில்லை. வேலை இல்லாதவன் பழைய இடத்துக்கே திரும்பிப் போகிறான். இந்த இரண்டுக்கும் நடுவே ஆறு மாதம் அவன் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்று கமிட்டியார் ஏற்படுத்தியது இது. ஆறு மாதம் வேலை, கூலி, படுக்க இடம். ஆறாம் மாதம் நாங்களே அலைந்து வெளியே ஒரு வேலை பிடித்து, நடத்தைச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவோம்.

வேலை பனந்தும்பு. பனை மட்டையின் அடிப்பாகத்தை ஊறவைத்து, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் அடித்து, நாரைப் பிரித்து, பலகையில் நட்டிருக்கும் இரும்புச் சீப்பில் சீவ வேண்டும். பிறகு நீளம் பார்த்துத் தரம் பிரித்து, சிலதற்குச் சாயம் ஏற்றிக் காயவைத்து, கட்டுக் கட்டித் தூத்துக்குடிக்கு அனுப்புவோம். அங்கிருந்து கப்பலேறிச் சீமைக்குப் போய் பிரஷ் ஆகிறது என்பார்கள்.

கொட்டகையில் மணி கிடையாது. முன்பு ஒன்று இருந்ததாம். மணி அடித்ததும் ஆட்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, ஜெயிலில் ஆள் எண்ணும்போது செய்வதுபோல இரண்டிரண்டு பேராகக் குந்தித் தலையைக் குனிந்துகொண்டார்களாம். மேஸ்திரி அன்றே மணியைக் கழற்றிவிட்டார். சாப்பாட்டு நேரம் வந்தால், "என்னவே, சாப்பிடப் போவமா?" என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்பார். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? சிலர் பதில் சொல்வதற்கே ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்கள். "இல்ல, இன்னும் கொஞ்சம் சீவிட்டு வாரேன்" என்று எவன் முதலில் சொல்கிறானோ, அவனைப் பற்றி மேஸ்திரி என்னிடம் வந்து, "இவன் தேறிட்டான் ஐயா" என்பார்.

நான் பதினெட்டு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவன். மனிதர்களை இப்படிப் பழக்க எனக்கு ஒருவரும் கற்றுக்கொடுத்ததில்லை. சுடலைமுத்துவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பெருவிரலில் மை தடவித்தான் வைப்பார். அவர் கொட்டகையை நடத்திய விதத்தை நான் எத்தனை வியந்தாலும் தகும்.

எல்லாரும் தேறினார்கள் என்று சொல்ல மாட்டேன். கங்கைகொண்டானில் தோட்ட வேலைக்கு வைத்த ஒருவர் மூன்றாம் வாரம் காணாமல் போனார். வேறு சிலரும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது மேஸ்திரி, "சாவிய சீக்கிரம் வாங்கிட்டமோ என்னவோ" என்று மட்டும் சொல்வார்.

என் பூட்டு

கொட்டகை வளவின் சுற்றுச்சுவருக்குள்ளேயே எனக்கு வீடு. நான், என் மனைவி ஞானம்மாள், மகள் எஸ்தர். எங்களுக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். மூன்று பேரைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தோம். மிஞ்சியவள் எஸ்தர். அவளுக்கு எட்டு வயது. அவள் தும்மினால் நான் எழுந்து உட்காருவேன். ஞானம்மாள் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்வாள்.

நான்காம் வருஷம் சித்திரை கழிந்து வேலாண்டி வந்தார். ஆழ்வார்குறிச்சிப் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். வழக்கப்படி சாவிக்கொத்து அவர் கைக்குப் போனது. நான் ரிஜிஸ்தரைப் படித்தேன். 'இருமுறை பூட்டு உடைத்து வீடு புகுந்தது' என்று இருந்தது.

அடிதடி, கலகம், களவு என்று எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். ஆனால் பூட்டு உடைக்கிறவன் கையிலேயே சாவிக்கொத்து என்பது என் மனத்தை அரித்தது. வீடு வேறு வளவுக்குள்ளே இருக்கிறது. இரண்டு இரவு தூக்கமில்லை. மூன்றாம் நாள் கடைத்தெருவுக்குப் போய், கனமான திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கி வந்து சாய அறையில் போட்டேன். சாய டின்கள் விலை கூடியவை என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். கமிட்டியாரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை வேலாண்டி நான்கு கதவுகளைத் திறந்துவிட்டு ஐந்தாவதன் முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, இந்தப் பூட்டுக்குச் சாவி இந்தக் கொத்துல இல்ல."

"அது என்கிட்ட இருக்கும்லே. தேவைப்படும்போது நான் தொறந்து விடுதேன்."

அவர் பூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி ஐயா" என்று போய்விட்டார். அன்று முதல் தினமும் நான்கு கதவுகளைத் திறந்துவிட்டு ஐந்தாவதன் முன் வந்து, நான் வரும்வரை, தாம் வந்த முதல் நாள் எல்லாக் கதவின் முன்னும் நின்றதைப் போலவே ஒரு முழம் தள்ளி நிற்பார். மேஸ்திரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்த ஒரு கதவுல மட்டும் அவன் இன்னும் உள்ளதான் இருக்கான் ஐயா" என்றார். நான் பூட்டை எடுக்கவில்லை.

ஆவணிக்குப் பிறகு வந்த ஆட்கள் இரண்டு பேரும் நிற்கவில்லை. ஒருவர் மகன் வீட்டுக்கே போய்விட்டார். இன்னொருவர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆகவே சாவி மறுபடியும் வேலாண்டியிடமே வந்தது. இதற்குள் சீப்பு வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு நாரைக் கையில் பிடித்ததும் அது எந்தத் தரம் என்று சொல்லிவிடுவார்.

தூத்துக்குடியில் எங்களிடம் தும்பு வாங்கும் அண்ணாச்சி ஒருவர் தம் கிட்டங்கிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். தரம் பிரிக்க வேண்டும், கிட்டங்கியிலேயே தங்கிக் காவலும் பார்க்க வேண்டும். வேலாண்டியைப் பற்றி எழுதினேன். நேரில் வந்து பேசுங்கள் என்று பதில் வந்தது.

அந்த வேலை அவருக்கு வெறும் வேலை அல்ல. அவர் மனைவி ஐந்து வருஷமாகத் தன் தகப்பன் வீட்டில் இருந்தாள். "நிலையா ஒரு எடத்துல இருக்கான்னு தெரிஞ்சா அனுப்புதோம். கொட்டகையில இருக்கவனுக்கு அனுப்ப முடியாது" என்று மாமனார் சொல்லிவிட்டார். தை மாதம் அவளுடைய தம்பி அவளைத் தன்னோடு கொழும்புக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. இதை வேலாண்டி என்னிடம் சொன்னதில்லை. மேஸ்திரிதான் சொன்னார்.

தூத்துக்குடி

ஐப்பசி அடைமழை. நாலு நாளாக வெயில் இல்லை. அந்த மாதிரி நாட்களில் சாயத் தும்பைக் கொடியில் தொங்கவிட்டு, கீழே கரிச்சட்டி வைத்து, கதவைச் சாத்தி அறைக்குள்ளேயே உலர்த்துவோம்.

அன்று காலை ஆட்கள் கரிச்சட்டிகளை வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். நான் வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தேன். தும்பு வரிசை வரிசையாக இருட்டாகத் தொங்கியது. கதவைச் சாத்தி என் பூட்டைப் போட்டேன். பக்கத்துச் சுவரில் ஓர் ஓலைக்குடை சாய்ந்திருந்தது. அதைப் பார்த்தேன். வேலையாள் யாருடைய குடையோ என்று நினைத்தேன். ரயிலுக்கு நேரமாகியிருந்தது.

இந்த வரிகளோடு பேனாவை வைத்துவிட்டேன். இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது; மேலே எழுத மறுநாள்தான் உட்கார முடிந்தது.

தூத்துக்குடி போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அண்ணாச்சி கிட்டங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தும்புக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"வாரும் சார்வாள். ஜெயில்காரன ஏங்கிட்ட தள்ளிவுட வந்திருக்கீரு."

"நல்ல வேலைக்காரன் அண்ணாச்சி."

"வேலைக்காரன்னு தும்பப் பாத்தாலே தெரியுதுவே. எங்கிட்ட இருக்கவன்ல எவன் யோக்கியன்? பிடிபடல, அவ்வளவுதான். எனக்கு ஒண்ணுமில்ல. எந் தம்பிமாரு ரெண்டு பேரும் குதிக்கானுவ. பூட்ட ஒடச்சவன் கையில கிட்டங்கியக் குடுப்பியான்னு கேக்கானுவ. நீரு ஒரு வரி எழுதிக் குடும். இந்த ஆறு மாசத்துல அவன் ஒரு பூட்டு மேலயும் கை வைக்கலன்னு. அதக் காட்டி அவனுவ வாய அடைச்சிருதேன்."

"கை வைக்கவில்லை அண்ணாச்சி. நானே பொறுப்பு. திங்கட்கிழமை சீட்டோடு ஆளை அனுப்புகிறேன்" என்றேன்.

மனநிறைவோடு திரும்பினேன். ரயிலில் அரைஞாண் சாவி இடுப்பில் உறுத்தியது. ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டேன்.

நான் இல்லாதபோது நடந்தது

இது என் மனைவியும் மேஸ்திரியும் சொன்னது.

மழைக்காகப் பள்ளிக்கூடம் விட்டிருந்தார்கள். எஸ்தர் சாப்பிட வரவில்லை. பக்கத்து வீடுகளில் பார்த்துவிட்டு ஞானம்மாள் கொட்டகைக்கு வந்தாள். வேலாண்டி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிட்டங்கி, சமையல்கட்டு, விறகுக் குவியலடி என்று எல்லா இடமும் தேடிப் பார்த்தார். கடைசியில் சாய அறைப் பக்கம் வந்தார். குடை அங்கே இருந்தது.

"அம்மா, இது பாப்பா குடையா?"

ஞானம்மாள் தலையை ஆட்டினாள்.

எஸ்தர் தன் மரப்பாச்சிக்கு முடி வைக்கச் சாயத் தும்பு கேட்டு இரண்டு நாளாக என்னை நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் கரிச்சட்டி வைக்கும்போது உள்ளே போய்த் தும்பு வரிசைக்குப் பின்னால் மூலையில் ஒளிந்திருக்கிறாள். வெளியே குளிர், உள்ளே கதகதப்பு. தூங்கிவிட்டாள்.

கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. மேஸ்திரி கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தார். தேக்குக் கதவு அசையவில்லை.

"ஐயா சாவிய இடுப்புல கட்டிக்கிட்டு தூத்துக்குடி போயிட்டாவளே" என்று மேஸ்திரி தலையில் கை வைத்தார்.

"நிறுத்துங்க மேஸ்திரி. இப்பிடி அடிச்சா சாயந்திரம்தான் தொறக்கும்" என்றார் வேலாண்டி. கொட்டகைக்குள் ஓடி, சீப்புப் பலகையிலிருந்து நீளமான இரும்புப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். கதவின் முன் ஒரு முழம் தள்ளி நின்றார். ஒரு கணம்தான். பிறகு என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, நான் என்ன செய்யுதேன்னு நல்லாப் பாத்துக்கிடுங்க. பொறவு கேப்பாவ."

"ஒடைங்கண்ணா" என்றாள் ஞானம்மாள். அதற்கு முன் அவள் அவரை அண்ணா என்று கூப்பிட்டதில்லை.

அவர் பூட்டைத் தொடவில்லை. அது மாட்டியிருந்த நாதாங்கியின் கீழ் இரும்பைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். நாதாங்கி பூட்டோடு பெயர்ந்து கீழே விழுந்தது. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு உள்ளே போய், தும்பை விலக்கி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, மழையில் திறந்தவெளியில் கிடத்தினார். மேஸ்திரி முறத்தால் விசிறினார். எஸ்தர் கண் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. பிறகு வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அவள் படுத்திருந்த மூலையில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்று வர ஒரு சந்து இருந்ததால் கரிப்புகையிலிருந்து பிழைத்தாள், இன்னும் ஒரு நாழிகை போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்.

பிள்ளை அழுததும் வேலாண்டி எழுந்து போனார். பூட்டையும் நாதாங்கியையும் எடுத்து, தம் துண்டைப் பிழிந்து விரித்து, அதன்மேல் வைத்தார். பக்கத்தில், ஜெயிலில் எண்ணும்போது குந்துவதைப் போல, கைகளை முழங்காலில் வைத்துக் குந்திக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. "ஐயா வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

நான் கேட்ட முதல் கேள்வி

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வளவுக்குள் நுழைந்தேன். கண்ணில் முதலில் பட்டது நாதாங்கி பெயர்ந்த கதவு. அதன் அடியில் வேலாண்டி. அண்ணாச்சியிடம் அன்றுதான் பொறுப்பேற்றுக்கொண்டு வந்தவன் நான்.

"எவம்லே பூட்ட ஒடச்சது?" என்று கத்தினேன்.

"நாந்தான் ஐயா" என்றார் வேலாண்டி. எழுந்து நிற்கவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து ஞானம்மாள் எஸ்தரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் என்னைக் கடிந்து பேசியது கல்யாணமான இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"பூட்டினது ஆருன்னு மொதல்ல கேளுங்க."

அதன்பின் அவர்கள் சொன்னதை எல்லாம் நான் தரையில் உட்கார்ந்துதான் கேட்டேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாது. வேலாண்டி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் என்று மேஸ்திரி பிறகு சொன்னார்.

கொட்டகையில் பூட்டு உடைந்தது என்று ரோட்டில் போன யாரோ ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார்கள். ஏட்டு ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். வேலாண்டி வாராவாரம் போய்த் தலைகாட்டும் ஏட்டுதான். நடந்ததைக் கேட்டுவிட்டுத் துண்டிலிருந்த பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒடையலையேவே. பூட்டுன மேனிக்கு இருக்கு. எனக்கு இங்கன ஒரு சோலியும் இல்ல" என்று கீழே வைத்தார். பிறகு என்னிடம், "சீட்டு எழுதணும்லா ஐயா? பூட்டு ஒடைக்கலன்னு எழுதிரும். பொய்யில்ல" என்றார். மேஸ்திரிக்கு முகம் மலர்ந்தது. எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. அண்ணாச்சி கேட்டதும் அந்த ஒரு வரியைத்தானே.

வேலாண்டிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"கோர்ட்டுல ரெண்டு தடவையும் நான் ஒடைக்கலன்னு சொன்னேன் ஐயா. ரெண்டும் பொய்யி. இத ஒடச்சேன்னே எழுதுங்க."

"வேலை போயிருமேடா" என்றார் மேஸ்திரி.

"போனாப் போவுது. அந்த ஒடைக்கலங்குத வார்த்த எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொழும்புப் பேச்சு அவருக்கு நினைவில்லாமல் இல்லை.

சீட்டு

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து எழுதினேன். பதினெட்டு வருஷ வாத்தியார் வேலையில் எத்தனையோ நற்சாட்சிப் பத்திரங்கள் எழுதியிருக்கிறேன். இதை மூன்று தடவை கிழித்து நான்காம் தடவை எழுதினேன்:

'இவர் இங்கே ஆறு மாதம் வேலை செய்தார். இந்தக் காலத்தில் ஒரு கதவை உடைத்தார். அதற்குப் பூட்டுப் போட்டவன் நான். கமிட்டியாருக்குத் தெரியாமல், இவரை நம்பாமல் போட்டேன். உள்ளே என் மகள் இருந்தது தெரியாமல் பூட்டிவிட்டுப் போனேன். இவர் உடைத்ததால் அவள் இருக்கிறாள்.'

திங்கட்கிழமை நானே வேலாண்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். பூட்டையும் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணாச்சி சீட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உதடு அசைய வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். அவருடைய தம்பிமார் இருவரும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"பிள்ள இப்ப எப்பிடியிருக்கு சார்வாள்?"

"ஓடியாடித் திரிகிறாள் அண்ணாச்சி."

"அந்தப் பூட்டு எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். அண்ணாச்சி அதைத் தூக்கிப் பார்த்து, கிட்டங்கிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். அங்கேயும் அதே திண்டுக்கல் பூட்டுத்தான் தொங்கியது. அவருக்கு முகம் சற்று வாடிவிட்டது.

"ஏலே, எவ்வளவு நேரம் தாங்கிச்சு?"

"ஒரு வெத்தல மடிக்கிற நேரம், அண்ணாச்சி."

"இம்புட்டுதானா?" என்றார் தம்பிமாரில் ஒருவர்.

"பூட்டு நல்ல பூட்டுதான். நாதாங்கி மரத்துல சும்மா ஆணி வச்சு அடிச்சிருக்கு. உள்பக்கம் பட்டை குடுத்து முடுக்கணும். ஒங்க கதவுலயும் அப்பிடித்தான் இருக்கு."

அண்ணாச்சி தம்பிமாரைப் பார்த்தார். அவர்கள் கதவைப் பார்த்தார்கள். அண்ணாச்சி மடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"அப்ப இங்கன இருக்க கதவு அத்தனையும் பாத்து எங்கன எங்கன ஓட்டைன்னு சொல்லும்வே. இன்னைக்கே பாரும்."

ஏலே என்று கூப்பிட்டவர் இரண்டு பேச்சுக்குள் 'பாரும்' என்று சொன்னதை நான் கவனித்தேன். வேலாண்டி சாவியை வாங்கிக்கொண்டு கதவுக்குப் போனார். நான் அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முழம் தள்ளி அவை நிற்கவில்லை. திறந்து உள்ளே போய்விட்டார்.

கார்த்திகை கடைசியில் மாமனாரே மகளைக் கொண்டுவந்து விட்டார் என்று கேள்விப்பட்டோம். எஸ்தருக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு சங்கு வந்தது.

பின்னால் வருகிறவர்களுக்கு

புதிதாக வரும் மேற்பார்வையாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டுதான். கொட்டகையின் வழக்கம் என்று மேஸ்திரி எதைச் செய்தாலும் அதற்கு மேல் உங்கள் பூட்டு ஒன்றைப் போடாதீர்கள். எந்த அறையைச் சாத்தினாலும், உள்ளே போய், மூலை வரை பார்த்து, "யாரும் இருக்கியளா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டுச் சாத்துங்கள்.

இரண்டாவதை நான் இப்போது அளவுக்கு மீறிச் செய்கிறேன். போன வருஷ ஐப்பசியிலிருந்து என்னால் ஒரு கதவையும் பூட்ட முடியவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். தாழ்ப்பாளில் கை வைத்ததும் மறுபடி பார்க்கத் தோன்றும். மூன்று தடவை, நாலு தடவை போவேன். கடைசியில் கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுவிடுவேன். வீட்டில் ஞானம்மாள்தான் பூட்டுகிறாள். எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும்போதும் எனக்கு இப்படித்தான்.

போன வாரம் சாயங்காலம் கிட்டங்கி வாசலில் அப்படி நின்றிருந்தேன். ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டு பின்னால் வந்து நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. கொட்டகைக்குக் கடைசியாக வந்துசேர்ந்தவர் வேலை கிடைத்து அன்று காலைதான் அம்பாசமுத்திரத்துக்குப் போயிருந்தார். அவர் விட்டுப்போன சாவிக்கொத்து மேஸ்திரி கையில் இருந்தது. மேஸ்திரி என்னிடம் வந்து அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"புது ஆளு இன்னும் வரல ஐயா. இனி நீங்க வச்சுக்கிடுங்க. காலையில தொறங்க, சாயந்திரம் பூட்டுங்க. அவசரமில்ல, நாங்க நிக்கோம்."

"எத்தனை நாளைக்கு மேஸ்திரி?"

"எல்லாருக்கும் உள்ளதுதான். ஆறு மாசம்."